சீர்த்தட்டில் வந்த போன்

பதுளை டவுனில் ஒரு மருந்துக் கடையில் நான் வேலை செய்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டை இப்போதெல்லாம் யாரும் கையில் கொண்டு வருவதில்லை. போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார்கள். மீன்பணிஸ் தின்ற எண்ணெய், தும்மிய எச்சில், பிள்ளையின் மூக்கைத் துடைத்த விரலின் ஈரம், எல்லாம் அந்தக் கண்ணாடியில் இருக்கும். எழுத்து சின்னதாக இருந்தால் "பெருசாக்கிப் பாருங்க மிஸ்" என்பார்கள். அந்த அழுக்கின்மேல் இரண்டு விரலை வைத்து நான்தான் விரிக்க வேண்டும். வீட்டுக்குப் போய் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவினால்தான் அந்த வழவழப்பு போகும்.

எனக்குப் போன் என்றாலே குமட்டுகிறது என்று சொன்னால், என் வீட்டுக்காரர் இதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார். இது கழுவினால் போகிற அருவருப்பு. மற்றது எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குப் போன் வாங்கியதில் வந்தது. அது இன்னும் போகவில்லை.

நாங்கள் மூன்று பேர். மூத்தவர் அண்ணன், கொழும்பில் ஒரு துணிக்கடையில் மேனேஜர். நடுவில் நான். கடைசி தங்கச்சி. அப்பா இல்லை. அம்மா மட்டும் பசறைக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்தில் நாங்கள் பிறந்த அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருக்கிறாள். கொழுந்து பறித்த கை ஓய்ந்த பிறகும் காம்பராவை விட்டு வரமாட்டேன் என்கிறாள். தங்கச்சி அரபு நாடு ஒன்றில் ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறாள். அவளுடைய ஒரே மகள் அம்மாவிடம் வளர்கிறாள். தகப்பன் என்று ஒருவன் எங்கேயோ இருக்கிறான். அவனைப் பற்றி எழுதி மையை வீணாக்க மாட்டேன்.

தங்கச்சியின் போன் கிழமை முழுக்க, ஆறு நாளும், அவளுடைய மேடத்தின் அலமாரிக்குள் இருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுக்காரர்கள் வெளியே போகிற நேரத்தில் மட்டும் அவள் கைக்கு வரும். அந்த நாட்டில், நாம் எல்லோரும் வைத்திருக்கும் ஆப்பில் செய்தி போகும், படம் போகும், ஆனால் கூப்பிட்டால் போகாது. அதனால் அங்கே வேலைக்குப் போன பெண்கள் வேறொரு ஆப் வைத்திருக்கிறார்கள். பார்க்கக் கேவலமாக இருக்கும். நடுநடுவே யாரோ ஒருத்தி ஆடிக்கொண்டு விளம்பரத்தில் வருவாள். ஆனாலும் முகம் தெரியும்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளை சீருடைகூட மாற்றாமல் லயத்துக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கியடிக்கு ஓடிவிடுவாள். அங்கேதான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். விழுந்த பல்லை அங்கே உட்கார்ந்துதான் தாய்க்குக் காட்டினாள். காலைத் தூக்கிப் புதுச் சப்பாத்தைக் காட்டினாள். கணக்கில் வாங்கிய மார்க்கை விரலால் பாதி மறைத்துக்கொண்டு காட்டினாள். என் தங்கச்சி தன் மகள் வளர்ந்ததை அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்தான் பார்த்தாள்.

அந்தப் போன் தங்கச்சி பார்சலில் அனுப்பிய ஆண்ட்ராய்ட். திரை முழுக்கக் கீறல். பேட்டரி வீங்கி முதுகு புடைத்து, பிள்ளை அதை ஒரு ரப்பர் பட்டியால் கட்டி வைத்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போகும். பள்ளிக்கூடத்து டீச்சர்மாரும் வீட்டு வேலையைப் போனில்தான் அனுப்புகிறார்கள் என்பதால், புதிது வாங்குவதென்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். எதை வாங்குவது என்பதில் சண்டையும் பிடுங்கலும் ஆரம்பித்தன.

அண்ணன் பழக்கட்சி. முதுகில் கடித்த பழம் பொறித்த போன் இருக்கிறதே, அந்தக் கட்சி. வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அதைக் குப்புறப் போட்டு வைப்பார், பழம் எல்லோருக்கும் தெரியும்படி. பேச்சுக்கு நடுவில் எடுத்துச் சட்டை நுனியால் துடைப்பார். அவருடைய சின்ன மகன் மூக்கொழுகிக்கொண்டு பக்கத்தில் நிற்பான். அதைத் துடைக்க அண்ணி அடுப்படியிலிருந்து வரவேண்டும்.

"குடும்பம்னா எல்லாரும் ஒரே மாதிரி போன் வச்சிருக்கணும்" என்பார். "அப்பதான் ஒரு கட்டுப்பாடு இருக்கும். ஆண்ட்ராய்டுங்கிறது சந்தக்கட மாதிரி. எவனும் வருவான், எவனும் போவான்."

என் வீட்டுக்காரர் கரண்ட் வேலை செய்கிறவர். அவர் ஆண்ட்ராய்ட் பக்கம். "மச்சான், லயத்துல ஒரு சார்ஜர் வயர் இருந்தா பத்துக் காம்பராவுக்கும் ஓடும். ஒங்க வயர் யாருகிட்ட இருக்கு? ஒடஞ்சா பசறையில யாரு செய்வா? கொழும்புக்குத் தூக்கிட்டு ஓடணும்" என்றார். அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். துணிக்கடையில் விலையைக் கேட்டுவிட்டுச் சேலையைக் கீழே வைக்கிறவர்களுக்காக அவர் வைத்திருக்கும் சிரிப்பு அது.

இப்படி மாதக் கணக்கில் போனது. அண்ணன் இரண்டையும் ஒப்பிட்டு யாரோ வெள்ளைக்காரன் பேசும் வீடியோக்களைக் குடும்பக் குரூப்பில் கொட்டினார். என் வீட்டுக்காரர் பதிலுக்கு உடைந்த பழப் போன்களின் படங்களைப் போட்டார். கேமரா, பாதுகாப்பு, மெமரி என்று ஆளுக்கு ஆள் வாய் கிழியப் பேசினார்கள். அம்மா ஒரே ஒரு தரம்தான் வாயைத் திறந்தாள். "எதுல சத்தம் நல்லாக் கேக்கும்?" என்று கேட்டாள். அதற்குள் அண்ணன் அடுத்த வீடியோவைப் போட்டுவிட்டார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நானே போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். பழம் விற்கும் கடையில் ஏசி, வாசனை, கண்ணாடிக் கதவு. உள்ளே நின்ற ஆள் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தான். அப்புறம் சிங்களத்தில், "எந்த எஸ்டேட்?" என்று கேட்டான். நான் ஒரு போனைத் தொடப் போனேன். அவன் அதை எனக்கு முன்னால் எடுத்து, துடைத்து, பெட்டிக்குள் வைத்துவிட்டான். எதிர்த்த கடைக்குப் போனேன். அங்கே ஆண்ட்ராய்ட் பெட்டிகளைச் சந்தையில் வெங்காயம் குவித்த மாதிரிக் குவித்து வைத்திருந்தார்கள். "வாங்க அக்கா! இது தோட்டத்து ஆளுங்களுக்குன்னே வந்தது. கீழ போட்டு மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றான் நம் தமிழ் ஆள் ஒருவன். அங்கே ஒருவன் என்னைத் தொடவிடவில்லை. இங்கே ஒருவன் எங்களுக்கு இது போதும் என்று அவனே முடிவு கட்டிவிட்டான். எனக்கு இரண்டு கடை வாசலிலும் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பாமல் மருந்துக் கடைக்குத் திரும்பிப் போய் மற்றவர்களின் எச்சில் போன்களை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணுந் தெரியாதுக்கா. எந்தப் போனா வேணாலும் இருக்கட்டும். வெள்ளிக்கெழம எம்புள்ள மூஞ்சி தெரியணும். அது போதும்."

எங்கள் குடும்பத்தில் அந்தப் போனைப் பற்றி உருப்படியாகப் பேசியது அவள் ஒருத்திதான்.

வாங்குவதற்குள் பிள்ளை பெரிய மனுசியாகிவிட்டாள். பன்னிரண்டு வயதுதான். அம்மா போன் பண்ணி அழுகிறாள், சிரிக்கிறாள், என்ன சொல்கிறாள் என்றே தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டவேண்டும். அந்தக் குச்சுக்குள்தான் பிள்ளையை உட்காரவைப்பார்கள். அண்ணனுக்கு லீவு இல்லையாம். "யாரையாவது வச்சுக் கட்டுங்க, வீடியோவுல பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். பக்கத்துக் காம்பராக்காரர் கட்டினார். சடங்கு நாளைக்குச் சீரோடு வந்து ஜமாய்ப்பதாக அண்ணன் சொன்னார். சொன்ன மாதிரியே ஜமாய்த்தார்.

கோயிலடியிலிருந்து சீர்வரிசை வந்தது. முன்னால் தப்பு அடித்துக்கொண்டு போனார்கள். பின்னால் தேயிலைக்கு நடுவே உள்ள பாதையில் பெண்கள் தட்டுத் தட்டாக ஏந்தி வந்தார்கள். தேங்காய், வாழைப்பழம், பணியாரம், பட்டுச்சேலை, வளையல். எல்லாவற்றுக்கும் முன்னால் அண்ணி. அவள் கையில் இருந்த தட்டில் சிவப்புத் துணி, அதன்மேல் வெற்றிலை, வெற்றிலைமேல் ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டியின் நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். யாரையும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், அண்ணன் பழத்தை வாங்கிச் சீர்த்தட்டில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இனி என்ன பேச முடியும்? சபையில் வைத்த சீரை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மாதக் கணக்கில் நாங்கள் பிடுங்குப்பட்டதை அண்ணன் ஒரு வெற்றிலையால் மூடிவிட்டார். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

சனம் பிள்ளையைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தது. மஞ்சள் பூசி, பூ வைத்து, தலை குனிந்து ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். இவர்கள் பெட்டியைத் திருப்பித் திருப்பி, "இது எவ்வளவு வரும்?" என்று கேட்கிறார்கள். பதுளையிலிருந்து வந்த வீடியோக்காரர் அண்ணனைப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அண்ணன் மேலே ஒட்டியிருந்த தாளை மெதுவாக உரித்தார். வீடியோக்காரர் இன்னொரு தரம் உரிக்கச் சொன்னார். உரித்த தாளை ஒட்டி, மறுபடியும் உரித்தார். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

தங்கச்சி அன்றைக்கு மேடத்தின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுப் போனை வாங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை அல்லாத நாள், அதனால் கொஞ்ச நேரம்தான். நான் என் போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சிக்னல் வருகிற மூலையைத் தேடித் தேடி நின்றேன்.

"அக்கா, தட்டுதான் தெரியுது. புள்ள எங்கக்கா?"

"இரு, இந்தா காட்டுறேன்" என்று கூட்டத்துக்குள் நுழைந்தேன். அண்ணன் திரும்பிப் பார்த்தார். "நீ நடுவுல நிக்காத. வீடியோவ மறைக்குது" என்றார். நான் நகர்ந்தேன். என் தங்கச்சி தன் மகளின் சடங்கில் பார்த்தது ஒரு கூட்டம் முதுகு. மாலை கழுத்தில் விழுந்த நேரத்தில் படம் உறைந்துவிட்டது. நான் திரும்பக் கூப்பிடுவதற்குள் போன் அலமாரிக்குள் போயிருக்க வேண்டும்.

சாப்பாடெல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு, அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து புதுப் போனைப் பிள்ளைக்குப் பொருத்திக் கொடுத்தார். பிறந்த தேதியைப் போட்டதும், இது சின்னப் பிள்ளை, பெரியவர் ஒருவருக்குக் கீழேதான் வைக்க வேண்டும் என்று போன் சொன்னது. அண்ணனின் முகம் மலர்ந்தது. தனக்குக் கீழே வைத்துக்கொண்டார். இனி பிள்ளை எந்த ஆப்பை எடுக்கப் போனாலும், முதலில் "கேள்" என்று ஒரு பொத்தான் வரும். அழுத்தினால் கொழும்பில் மாமாவின் போனில் மணி அடிக்கும். மாமா சரி என்றால்தான் இறங்கும். எந்த நேரத்தில் திறக்கலாம், எந்த நேரத்தில் மூடவேண்டும் என்பதும் மாமாவின் கையில்.

"இப்ப புரியுதா, நான் ஏன் இத வாங்குனேன்னு?" என்று அம்மாவிடம் சொன்னார். "வயசுக்கு வந்த புள்ள. எனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தாய்மாமன் காவல் இருக்குய்யா, வேற என்ன வேணும்" என்று கண்ணைத் துடைத்தாள். பிறகு அண்ணன் பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றினார். ரப்பர் பட்டியோடு அதைத் தூக்கித் தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அத ஏண்ணே எடுக்கிறீங்க?" என்றேன்.

"ஒரு புள்ளைக்கு ரெண்டு போன் எதுக்கு? ஒண்ணு நம்ம கண்ணுக்கு, இன்னொண்ணு கள்ளத்தனத்துக்கா?"

பிள்ளை எதிரே உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் இன்னும் மாலை இருந்தது. கள்ளத்தனம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாவிட்டாலும், அது தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கடையில் இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது தங்கச்சி கூப்பிட்டாள். "அக்கா, புள்ளைக்கு அடிச்சுகிட்டே இருக்கேன், போகவே மாட்டேங்குது." எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கேவலமான ஆப் புதுப் போனில் இல்லை. அம்மாவின் பட்டன் போனுக்கு எடுத்து, பிள்ளையிடம் கேட்டேன். "கேளுன்னு வந்துச்சு பெரியம்மா. அமுக்கிட்டேன். மாமா ஒண்ணும் சொல்லல" என்றாள். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து தண்ணீர்த் தாங்கியடியிலேயே உட்கார்ந்திருந்தாளாம். என்னோடு பேசிவிட்டு மறுபடி ஏறிப் போய் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள் என்று அம்மா பிறகு சொன்னாள்.

அண்ணனைக் கூப்பிட்டேன். கடையில் கூட்டமாம், அப்புறம் பேசுகிறேன் என்றார். பேசியபோது இப்படிச் சொன்னார்:

"அந்த ஆப்ல கண்ட கண்ட ஆளெல்லாம் வருவான். நான் பாத்துத்தான் வேணாம்னு போட்டேன். போட்டோ அனுப்பட்டும், வாய்ஸ் அனுப்பட்டும். யாரு தடுத்தா?"

"அவ போன் கிழமைக்கு ஒருக்காத்தான் கையில வரும்ணே. அந்த நேரத்துல புள்ளயப் பாக்கணும்னுதானே..."

"அப்ப அவளையும் ஒரு பழம் வாங்கச் சொல்லு. எல்லாரும் ஒரே பக்கம் வந்துட்டா இந்த வம்பே இல்ல."

பாத்திரம் கழுவி, தரை துடைத்து, ராத்திரி பகலாகக் கிடந்து உழைக்கிற ஒருத்தியைப் பழம் வாங்கச் சொல்கிறார். அவளும் வாங்கினாள் என்றே வைத்துக்கொள்வோம். மேடத்தின் அலமாரிக்கு எந்தப் போனாக இருந்தால் என்ன? பூட்டு ஒரே பூட்டுத்தான். நான் இதைச் சொல்லிக் கத்தினேன். அவர் லைனை வெட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளும் அப்படியே போயின. பிள்ளை ஒவ்வொரு தரமும் "கேள்" என்பதை அழுத்தினாள். எனக்குக் கடையில் வெள்ளிக்கிழமை லீவு கிடையாது, அன்றைக்குத்தான் கிளினிக் கூட்டம். பிள்ளையைப் பஸ்ஸில் பதுளைக்கு அனுப்பச் சொன்னேன், என் போனிலாவது பேசட்டும் என்று. அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "சடங்கு சுத்தி ஒரு மாசம் ஆகல. பஸ்ல அனுப்பவா? ஒங்கண்ணன் என்னைய உசுரோட விடுவானா?" என்றாள். அம்மா அந்தப் புதுப் போனைத் துவாயில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாள். வீட்டு வேலை எழுதுவதற்கு எடுத்துக் கொடுப்பாள், எழுதி முடிந்ததும் வாங்கிப் பூட்டுவாள். வெறும் பெட்டி சாமிப்படத்துக்குப் பக்கத்தில், குங்குமத்தோடு. யார் வந்தாலும் எடுத்துக் காட்டினாள். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து குந்தி, தேத்தண்ணி குடித்துவிட்டு, "மாமன்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனது. தாயும் பிள்ளையும் முகம் பார்க்க முடியாமல் கிடக்கிற வீட்டில் இந்தப் பேச்சு. கேட்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிறகு ஒரு பௌர்ணமிப் போயா வெள்ளிக்கிழமையில் வந்தது. எல்லோருக்கும் லீவு. நான் காலையிலேயே பசறை பஸ்ஸில் ஏறிவிட்டேன். மனம் லேசாக இருந்தது. போய்ப் பார்த்தால் லயத்தடியில் அண்ணனின் வாடகை வேன் நிற்கிறது. அவரும் குடும்பத்தோடு வந்திருந்தார்.

"வா வா" என்றார், ஒன்றும் நடக்காத மாதிரி. நானும் ஒன்றும் நடக்காத மாதிரிச் சோறு தின்றேன். தங்கச்சி கூப்பிடும் நேரம் நெருங்கியதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்த் தாங்கியடிக்கு ஏறினேன். வாயில் பீடா மென்றுகொண்டு அண்ணனும் பின்னாலேயே வந்தார். வரவேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் சண்டை வரும், சண்டையில் அந்த நேரம் போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன்.

பிள்ளை அதே கல்லில் உட்கார்ந்தாள். என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. நான் எடுத்தேன். தங்கச்சியின் முகம் வந்தது. மெலிந்திருந்தாள். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை, அவசரமாக எங்கோ ஒரு சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். "புள்ள இருக்காளாக்கா?" என்றாள். "இந்தா" என்று போனைப் பிள்ளையிடம் கொடுத்தேன்.

பிள்ளை கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். வாய் துடித்தது. அம்மா என்று கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள்.

"மாமா, பேசட்டுமா?"

அண்ணனுக்கு அது எவ்வளவு பிடித்துப்போயிற்று என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பீடாவை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, தாராளமாகத் தலையாட்டினார். பிள்ளை போனை நெஞ்சிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் அசையவே இல்லை. படம் உறைந்துவிட்டதோ என்று நான் பயந்தேன். பிறகு அவள் பேசினாள்.

"அண்ணே, நானும் பேசட்டுமாண்ணே?"

"அட, பேசு பேசு. யாரு வேணாங்கிறா?" என்று அண்ணன் சிரித்தார்.

குத்திக் காட்டத்தான் கேட்டாளா, அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதற்குக்கூடக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாயா, எனக்கு இன்றுவரை தெரியாது. அதை அவளிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. சோறு தொண்டைவரை வந்தது. தாங்கியின் பின்னால் போய் ஓங்கரித்தேன். நான் சொல்லும் குமட்டல் இதுதான்.

தாயும் பிள்ளையும் பேசி முடிக்கும்வரை நான் அண்ணனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றேன். இந்தத் தரம் அவர் நகரச் சொல்லவில்லை. தங்கச்சி பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கவில்லை, "கிட்ட வா, இன்னுங் கிட்ட வா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை போனைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடம் வந்துவிட்டாளோ என்னவோ, நடுவிலேயே அறுந்துபோனது.

பிள்ளை போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"வச்சுக்க. இனி இது ஒன்னோடது. சிம்மும் ஒன்னோடது. பாட்டி பொட்டியில வைக்கக் குடுத்துராத."

"அதான் ஒண்ணு இருக்குல்ல?" என்றார் அண்ணன்.

"அத நீங்க எடுத்துட்டுப் போங்கண்ணே. சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்துல ரெண்டாப் போட்டுக்கிடலாம்."

அவர் முகம் கறுத்துவிட்டது. சீரைத் திருப்பிக் கொடுக்கிற குடும்பம் விளங்குமா என்று ஆரம்பித்து, அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே கீழே இறங்கினார். பேசட்டும். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை, அது எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

பிள்ளை எழுந்திருக்கவில்லை. திரையில் என் எண்ணெய் விரல் தடம் இருந்தது, அதைப் பாவாடை நுனியால் துடைத்தாள். அந்த ஆப்பின் படத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைக்காமல், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, இதுல யாருகிட்ட கேக்கணும்?"

"யாருகிட்டயும் கேக்க வேணாம்டி."

அவள் நம்பவில்லை. கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்த மாமாவின் முதுகை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.